வாரண்டி முடிந்தபின் இருண்டுபோன டிவி: நானே பழுதுபார்த்தேன், செலவைக் கடையில் கேட்கலாமா?

நிலாமுற்றம் | திங்கள், இரவு 9.12

எங்கள் வீட்டு 55 அங்குல எல்.இ.டி. டிவி போன மாதம் ஒரு மாலையில் இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒரு நொடி திரையில் வெளிச்சம் மின்னும், பிறகு கரும்பலகைதான். வாங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. வாரண்டி ஓராண்டு.

வாங்கிய கடைக்குப் போனேன். பில்லை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வாரண்டி முடிந்துவிட்டதே அம்மா, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் பேசுங்கள்" என்றார்கள். மின்னஞ்சலிலும் கேட்டுப் பார்த்தேன், அதே பதில் இரண்டு வரியில் வந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் பின்மூடியைக் கழற்றவே இல்லை. ரிமோட்டை இரண்டு முறை அழுத்தினார், பானல், அதாவது படம் காட்டும் திரையையே மாற்ற வேண்டும் என்றார், புறப்பட்டுவிட்டார். அவர் சொன்ன தொகை நாங்கள் டிவி வாங்கிய விலையில் முக்கால் பங்கு.

அன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் முகம், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. ஆக, பானல் உயிரோடுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் (பேக்லைட்) போய்விட்டது. தம்பியும் நானுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துத் திறந்தோம். உள்ளே ஆறு எல்.இ.டி. பட்டைகள், பட்டைக்கு ஆறு விளக்குகள். அவற்றில் ஒன்று கருகியிருந்தது. முழு செட்டையும் வரவழைத்து மாற்றினோம். இப்போது படம் பளிச்சென்று வருகிறது.

செலவு டிவி விலையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. "அற்பத் தொகை, விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இருபதில் ஒரு பங்கில் முடியும் வேலைக்கு முக்கால் பங்கு கேட்டவர்களை என்ன சொல்வது? நானே திறந்துவிட்ட பிறகு கடையிடம் செலவைக் கேட்க வழி இருக்கிறதா, அல்லது அந்த உரிமையை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனா?

ஒற்றைவரி | திங்கள், இரவு 9.31

படம் வருகிறது, செலவும் குறைவு. கடைக்கு நடக்கும் செருப்புத் தேய்மானம் அதைவிட அதிகமாகும்.

பழைய ரேடியோ | திங்கள், இரவு 10.05

அம்மா, முதலில் பாராட்டு. 55 அங்குலப் பானலைக் கண்ணாடி விரிசல் இல்லாமல் தூக்கி, திரும்பவும் வைத்திருக்கிறீர்கள். பானல் ஓரத்தில் தொங்கும் அந்த மெல்லிய ரிப்பன் கேபிள்களில் ஒன்று மடிந்திருந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழுந்திருக்கும். முப்பது ஆண்டு தொழிலில் இருக்கிற எனக்கே அந்தக் கட்டத்தில் மூச்சு நின்று வரும்.

அடுத்தது திட்டு. பின்மூடியைக் கழற்றியதும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கபாசிட்டரை அளந்து பார்த்தீர்களா? 400 அல்லது 450 வோல்ட் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். உடனே கை வைத்தால் ஆளைத் தூக்கி எறியும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரில் அளந்து, முழுதாக இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் போர்டைத் தொட வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

இனி என் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்ததுதான். கழற்றிய பழைய பட்டைகளை என்ன செய்தீர்கள்?

நிலாமுற்றம் | திங்கள், இரவு 10.20

ஐயா, அளக்கவில்லை. தம்பி "ஒரு மணி நேரம் போகட்டும்" என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கி வைத்ததோடு சரி. இனி கவனமாக இருப்பேன்.

பழைய பட்டைகள் இருக்கின்றன. செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறேன். எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய ரேடியோ | திங்கள், இரவு 10.26

எறிந்திருந்தால் ஒற்றைவரி சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன். அந்தப் பொட்டலத்தைப் பத்திரப்படுத்துங்கள். நாளை பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விளக்கையும் பார்த்து எழுதுங்கள். ஒன்று மட்டும் கருகியிருக்கிறதா, மற்றவையும் நிறம் மாறியிருக்கின்றனவா என்பது முக்கியம்.

கல்லாப்பெட்டி | செவ்வாய், காலை 7.48

நான் பத்து ஆண்டு மின்சாதனக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவன். எதிர்த்தரப்பின் குரலையும் கொஞ்சம் கேளுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து "நானே திறந்தேன், நானே மாற்றினேன், பணம் கொடுங்கள்" என்றால் கடைக்காரர் மனதில் முதலில் எழும் கேள்வி, உண்மையிலேயே பழுது இருந்ததா என்பதுதான். இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது தயாரிப்பில் வந்ததா, மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் வந்ததா, வீட்டுப் பிள்ளை பந்து எறிந்ததில் வந்ததா? பொருள் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சோதித்துப் பார்க்க மிச்சம் எதுவும் இல்லை. இது ஏமாற்றும் புத்தியில் எழும் கேள்வி அன்று, நியாயமான சந்தேகம்.

ஆனால் "நிறுவனத்தைக் கேளுங்கள்" என்ற பதில் எங்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கவுன்டரில் நிற்கும் பையனுக்கு ஒரு பைசா கூடத் திருப்பித் தரும் அதிகாரம் இல்லை. அவனோடு வாதாடுவது கதவோடு வாதாடுவது மாதிரி. பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த ஒரு வாக்கியத்தோடு திரும்பிவிடுவார்கள். எழுத்தில் வருகிறவர்கள்தான் மேலாளர் மேசைக்குப் போவார்கள்.

வழக்காடி | செவ்வாய், காலை 9.15

கல்லாப்பெட்டி சொன்ன சந்தேகம் சரியானது. அதற்கான விடையும் முதல் பதிவிலேயே இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

கடை மின்னஞ்சலில் மறுத்திருக்கிறது. இது தங்கம். பொருளில் குறை என்றால் அதைச் சரிசெய்யும் முதல் வாய்ப்பை விற்றவருக்குத்தான் தர வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில் உள்ள ஒழுங்கு. பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது முதல் படி. அது நடக்காதபோதுதான் விலைக் குறைப்பு, இழப்பீடு என்று அடுத்த படிக்குப் போக முடியும். கடையிடம் சொல்லாமலே திறந்திருந்தால் "எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இவர் போய்க் கேட்டிருக்கிறார், கடை எழுத்தில் கைவிரித்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் திறந்திருக்கிறார். மின்னஞ்சலின் தேதியும் பட்டைகள் வாங்கிய ரசீதின் தேதியும் அந்த வரிசையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. வாரண்டி வேறு, விற்றவரின் பொறுப்பு வேறு. வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாக முன்வந்து தரும் கூடுதல் வாக்குறுதி. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தவர் கடைக்காரர், ஒப்பந்தம் அவரோடுதான். நியாயமான காலம் உழைக்கும் பொருளைத் தர வேண்டிய பொறுப்பு, வாரண்டி அட்டையில் தேதி முடிந்ததும் தானாக மறைந்துவிடாது. எத்தனை காலம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது.

பனிமூட்டம் | செவ்வாய், பிற்பகல் 1.02

அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே நுகர்வோர் உரிமைகள் சட்டம் 2015 இருக்கிறது. முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் வரும் குறை, வாங்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் பாடு. ஆறு மாதம் தாண்டினால் அது நம் தலையில் விழும்.

இங்கே பலரும் "ஆறு ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது" என்று தவறாகப் பேசுவார்கள். ஆறு ஆண்டு என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு, ஸ்காட்லாந்தில் அது ஐந்து. டிவி ஆறு ஆண்டு ஓட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமான ஒருவர் எவ்வளவு காலம் எதிர்பார்ப்பார் என்பதுதான் கேள்வி. விலை கூடக் கூட எதிர்பார்ப்பும் கூடும்.

மேற்குக்கரை | செவ்வாய், பிற்பகல் 1.40

நான் ஜெர்மனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 உத்தரவின்படி விற்றவரின் பொறுப்பு குறைந்தது இரண்டு ஆண்டு. வெளிப்பட்ட குறை வாங்கும்போதே இருந்தது என்று முதல் ஓராண்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். நிலாமுற்றத்தின் டிவி இங்கே கெட்டிருந்தால் நான்கு மாத வித்தியாசத்தில் கதவு சாத்தியிருக்கும்.

ஒரு வயிற்றெரிச்சல். டிவிக்கான உதிரிபாகங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் குறைந்தது ஏழு ஆண்டு கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி 2021 மார்ச் 1 முதல் ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கிறது. உள் பவர் சப்ளை, வெளி இணைப்புகள், பெரிய கபாசிட்டர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பேக்லைட் பட்டை இல்லை! அடிக்கடி கெட்டுப்போகும் உறுப்பையே விட்டுவிட்டார்கள்.

தெற்குக்காற்று | செவ்வாய், மாலை 6.30

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தரலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். சில நேரம் அந்த ஒரு அழைப்பிலேயே கடை இறங்கி வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்களே பழுதுபார்த்துவிட்டால் அனுப்புவதற்கு எது இருக்கிறது? பழைய ரேடியோ ஐயா பொட்டலத்தைப் பற்றிக் கேட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 8.55

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது பட்டையில் இடமிருந்து நான்காவது விளக்கு. அதன் மேல் ஒட்டியிருந்த வில்லையை (லென்ஸ்) நெம்பி எடுத்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய சதுரத்தின் நடுவில் மிளகு அளவில் கருப்பு. அதைச் சுற்றிப் பட்டையின் வெள்ளைப் பூச்சு தோசைக் கல்லில் பட்டதுபோல் பழுப்பேறியிருக்கிறது. மற்ற 35-இல் பெரும்பாலானவற்றின் நடுவிலும் லேசான பழுப்பு. இரண்டு வில்லைகள் பசை விட்டுக் கையோடு வந்துவிட்டன.

நேற்றிரவு சொல்ல மறந்தது: கடைக்கு நேரில் போனபோது அங்கிருந்தவர், "உங்கள் வீட்டில் மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கும்" என்றும் சொன்னார். மின்னஞ்சலில் அது இல்லை. திரும்பக் கேட்டால் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.

பழைய ரேடியோ | செவ்வாய், இரவு 10.40

பிடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பதில் டிவியின் உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக விளக்குப் பட்டைக்குப் போவதில்லை. வாசலில் ஃபியூஸ், அதை ஒட்டி மிகை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற வட்டத் தகடு, பிறகு மாறுமின்சாரத்தை நேராக்கும் டயோடுகள், பெரிய கபாசிட்டர், அதை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர், அதற்கப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். இவ்வளவையும் தாண்டி, கடைசியில் இருக்கும் டிரைவர் சுற்றுதான் விளக்குகளுக்கு மின்சாரத்தை அளந்து ஊற்றுகிறது. சுவரில் அழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும் விளக்குக்குப் போகும் மின்னோட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலையே. வெளியிலிருந்து அடி வந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், வேரிஸ்டர் வெடித்திருக்கும், டயோடோ டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். டிவி மொத்தமாகச் செத்திருக்கும், சத்தம் வந்திருக்காது. வாசல் காவலர்கள் எல்லோரும் நலமாக இருக்க, பூஜையறையில் ஒருவர் மட்டும் திருடனிடம் அடி வாங்கினார் என்பது நம்பும்படியாக இல்லை.

அப்படியானால் எதனால் போனது? விளக்குகளை அவற்றின் தாங்கும் எல்லைக்கு அருகே ஓட்டுகிறார்கள். கடையில் பத்து டிவி வரிசையாக நிற்கும்போது கூடுதல் வெளிச்சம் உள்ளதுதான் கண்ணை இழுக்கும், அதற்காக. பல டிவிகள் பேக்லைட் அளவு மிக உயரத்தில் வைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வருகின்றன. கூடுதல் மின்னோட்டம் என்றால் கூடுதல் சூடு. சூடு பட்டையிலிருந்து பின்தகட்டுக்கு ஒழுங்காக இறங்காவிட்டால் விளக்கு பழுப்பேறி, மங்கி, ஒருநாள் உள்ளே இணைப்பு அறுந்து அணைந்துவிடும். உங்கள் டிவி ஒரு நொடி மின்னி அணைந்ததற்கும் காரணம் இருக்கிறது. 36 விளக்குகள் இரண்டு தொடர்களாக, தொடருக்கு 18 என்று ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒரு விளக்குக்கு ஏறத்தாழ 3 வோல்ட் என்றால் ஒரு தொடருக்கு 54 வோல்ட். ஒரு தொடரில் ஒன்று போனாலும் அந்தப் பதினெட்டும் அணையும். அடுத்த தொடர் எரியத் தொடங்கும்போதே டிரைவர் சமமின்மையைக் கண்டுபிடித்து இரண்டையும் அணைத்துவிடும்.

ஒன்று மட்டும் கருகி மற்றவை புத்தம் புதிதாக இருந்தால் அந்த ஒரு விளக்கில் குறை என்று சொல்வேன். எல்லாமே பழுப்பேறியிருப்பதால், இது வடிவமைப்பிலேயே அளவுக்கு மீறி ஓட்டப்பட்டதன் அடையாளம் என்பது என் கணிப்பு. இரண்டு ஆண்டில் இது நடப்பது தேய்மானம் ஆகாது.

ஆனால் என் பேச்சில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். டிரைவர் சுற்றே கெட்டு அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலும் இப்படிக் கருகும். அப்படி என்றால் புதுப் பட்டைகளும் சில மாதத்தில் போகும். எனவே ஒரு மெக்கானிக்கை அழைத்து, இப்போது ஒவ்வொரு தொடரிலும் மின்னழுத்தம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்று அளந்து, பவர் போர்டில் எரிந்த தடயமோ மாற்றிய பாகமோ இல்லை என்பதையும் பார்த்து, அவருடைய ரசீதுத் தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள். உங்களுக்கு வேண்டாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒற்றைவரி | செவ்வாய், இரவு 10.52

பூஜையறை உவமைக்காகவே இனி இந்தப் பக்கம் வருவேன்.

கல்லாப்பெட்டி | புதன், காலை 8.10

பழைய ரேடியோ ஐயா எழுதியதை அப்படியே கடிதத்தில் போட்டுவிடாதீர்கள். மேலாளர் படிக்க மாட்டார். மெக்கானிக்கின் தாள் இணைப்பாகப் போகட்டும்.

என்ன கேட்பது என்பதிலும் சிக்கனம் வேண்டும். பட்டைகளின் விலை, அவற்றை வரவழைத்த செலவு, மெக்கானிக் அளந்து எழுதித் தந்த கட்டணம், இவ்வளவுதான். தம்பியின் ஞாயிற்றுக்கிழமைக்கும் உங்கள் மன உளைச்சலுக்கும் விலை போட்டால் முழுக் கடிதமும் குப்பைக்குப் போகும். மல்டிமீட்டர் வாங்கியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டாம், அது உங்களிடம்தானே இருக்கப் போகிறது. சிறிய தொகை என்பதுதான் உங்கள் பலம். ஒரு மேலாளர் தன் கையெழுத்திலேயே முடித்துவிடக்கூடிய தொகை அது. மேலிடம் போக வேண்டிய தொகையாக இருந்தால் "மேலிடம் மறுத்துவிட்டது" என்பார்.

சர்வீஸ் சென்டர் ஆள் பானல் என்று சொன்னதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கோபத்துக்காக அல்ல. நீங்கள் செலவைப் பெருக்காமல் குறைத்திருக்கிறீர்கள் என்று காட்ட.

வழக்காடி | புதன், காலை 10.34

ஆமாம். இழப்பு ஏற்பட்டவர் அதை வளரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம் எதிர்பார்ப்பது. முக்கால் பங்கை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தவரை அந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு கடித மாதிரி தருகிறேன், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"மேலாளர் அவர்களுக்கு, இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில் தங்களிடம் வாங்கிய டிவியின் பேக்லைட் இன்ன தேதியில் செயலிழந்தது. அன்றே தங்களிடம் தெரிவித்தேன். இன்ன தேதியிட்ட மின்னஞ்சலில் பழுதுபார்க்க மறுத்தீர்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் பானலை மாற்றச் சொன்னது, பானலில் குறை இல்லை என்பது பின்னர் உறுதியானது. குறை பேக்லைட் பட்டைகளில் இருந்ததையும், பவர் போர்டில் மிகை மின்னழுத்தத்தின் தடயம் இல்லாததையும் இணைப்பில் உள்ள அறிக்கை காட்டுகிறது. இரண்டு ஆண்டு நான்கு மாதத்தில் இவ்வாறு செயலிழந்த பொருள், நியாயமாக எதிர்பார்க்கும் காலம் உழைக்கவில்லை. பழுதுபார்த்த செலவு இவ்வளவு, ரசீதுகள் இணைப்பில் உள்ளன. கழற்றிய பட்டைகள் என்னிடம் உள்ளன, தாங்கள் பார்வையிடலாம். இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் இத்தொகையைத் தரக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் உரிய நுகர்வோர் அமைப்பை அணுகுவேன்."

"பார்வையிடலாம்" என்பதைக் கவனியுங்கள். "அனுப்புகிறேன்" என்று எழுதாதீர்கள். கையை விட்டுப் போன சான்று திரும்பி வராது. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஒவ்வொரு பட்டையையும் படமெடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நிலாமுற்றம் | சனி, மாலை 5.17

மெக்கானிக் வந்து அளந்தார். தொடர் ஒன்று 55, தொடர் இரண்டு 54.6 வோல்ட். இரண்டிலும் மின்னோட்டம் ஒரே அளவு, போர்டில் கருகல் இல்லை. எழுதித் தர முதலில் தயங்கினார், "கோர்ட்டுக்கெல்லாம் என்னைக் கூப்பிட மாட்டீர்களே" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன், மின்னஞ்சலிலும் ஒரு படி.

மின்மினி | ஞாயிறு, காலை 11.03

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் டிவியில் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் இடப்புறம் செங்குத்தாக ஒரு பட்டைக் கோடு. நானும் இதே போல் திறந்து பார்க்கலாமா?

பழைய ரேடியோ | ஞாயிறு, காலை 11.20

வேண்டாம் தம்பி. செங்குத்துக் கோடு பெரும்பாலும் பானலின் ஓரத்தில் ரிப்பன் ஒட்டியிருக்கும் இடத்தில் வரும் குறை. அதை ஒட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும், வீட்டில் நடக்காது. பானலுக்குப் படத்தை அனுப்பும் டி-கான் போர்டின் கேபிள் தளர்ந்திருந்தாலும் சில நேரம் கோடு வரும், அது அதிர்ஷ்டம். திறக்காதீர்கள். வாங்கி எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள், முதலில் கடைக்கு எழுதுங்கள்.

நிலாமுற்றம் | வெள்ளி, இரவு 8.02 (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. மேலாளரே பேசினார். எதிர்பார்த்தபடியே மின்னழுத்தத்தில் தொடங்கினார். அறிக்கையின் இரண்டாம் பத்தியைப் பார்க்கச் சொன்னேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது, அரை நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "எங்கள் தவறு என்று ஏற்கவில்லை, நல்லெண்ண அடிப்படையில் அந்தத் தொகைக்குக் கடையில் பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பொருள் வேண்டாம், செலவு பணமாகத்தான் போனது, பணமாகவே வர வேண்டும் என்றேன். இரண்டு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறீர்களே, பாதி தருகிறேன் என்றார். அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருப்பது எனக்கும் தெரியும். பழைய பட்டை போய்ப் புதுப் பட்டை வந்திருக்கிறதே. கடைசியில் பட்டைகளின் விலை முழுதும், மெக்கானிக் கட்டணம் முழுதும் என்று முடிந்தது. வரவழைத்த செலவை நான் விட்டுக்கொடுத்தேன். பணம் நேற்றுக் கணக்கில் வந்துவிட்டது.

பழைய பட்டைகளைக் கேட்டார்கள், விநியோகஸ்தரிடம் காட்ட வேண்டுமாம். வழக்காடி சொன்னபடி படமெடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

கல்லாப்பெட்டி | வெள்ளி, இரவு 8.30

விநியோகஸ்தரிடம் காட்டுவது உண்மையாகவே இருக்கும். உங்களுக்குக் கொடுத்ததை அவர்கள் அங்கே வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் நட்டமில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் அது கடை இல்லையே.

ஒற்றைவரி | வெள்ளி, இரவு 8.41

என் செருப்புக் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழைய ரேடியோ | வெள்ளி, இரவு 9.15

மகிழ்ச்சி அம்மா. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இப்போது படத்துக்கான அமைப்பில் பேக்லைட் அளவு எவ்வளவில் இருக்கிறது?

நிலாமுற்றம் | வெள்ளி, இரவு 9.22

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் ஐயா. 100.

பழைய ரேடியோ | வெள்ளி, இரவு 9.24

உடனே 60-க்கு இறக்குங்கள்.

நிலாமுற்றம் | வெள்ளி, இரவு 9.50

இறக்கினேன். "டிவி மறுபடியும் கெட்டுவிட்டது" என்று அம்மா கூப்பிட்டார்கள். இப்போது 70-இல் நிற்கிறது. ரிமோட் என் கையில் இருக்கிறது.